தனிக் கவனம்

மகள் கல்யாண வரவேற்புக்கு ஒரு டீஜேயைப் பிடிக்கப் போகிறோம் என்றுதான் காப்பீட்டுக்காரர் நினைத்துக்கொண்டு அந்த ஒலி நிலையத்துக்குப் போனார். வாசல் மேஜையில் இருந்த பெண் அந்த வார்த்தையைக் கேட்டதும் வெள்ளைச் சட்டையில் மை கொட்டினதுபோல் முகத்தைச் சுளித்தாள்.

"இங்க டீஜேன்னு யாரும் இல்லை சார். ஒலி அதிகாரி இருக்காங்க, துணை ஒலி அதிகாரி இருக்காங்க. யாரைப் பார்க்கணும்?"

"பாட்டுப் போடறவரை."

"அப்ப உக்காருங்க," என்றாள் அவள், இந்த மனிதருக்கு இன்னும் எவ்வளவு சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறதோ என்ற அலுப்போடு.

உட்கார்ந்தார். ஊசி விழுந்தால் கேட்கும், அப்படி ஒரு அறை. சுவரெல்லாம் பஞ்சு மெத்தை, தரையெல்லாம் கம்பளம். பாட்டை நம்பிப் பிழைக்கிற இடத்தில் ஒரு பாட்டும் ஒலிக்கவில்லை. எதிர்ச் சுவரில் 'உங்கள் மகிழ்ச்சியை எங்களிடம் ஒப்படையுங்கள்' என்று எழுதியிருந்தது. பல் பிடுங்க வந்தவர்களைப் போல ஏழெட்டுப் பெற்றோர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவருக்கு விக்கல் எடுத்தது. இரண்டு பேர் வந்து அவரை வெளியே அழைத்துப் போனார்கள். விக்கல் நின்றதும் திரும்பக் கொண்டுவந்து வரிசையின் கடைசியில் உட்கார வைத்தார்கள். அதற்கு அவர் நன்றி வேறு சொன்னார்.

இந்த இடத்தைக் கைகாட்டிவிட்டவர் சம்பந்தி. சம்பந்தி ஒரு நூலகர். அவர் குரல் அவருடைய மீசையைத் தாண்டி வந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. கல்யாணத் தேதியை அவர்தான் சொன்னார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, என்ன தேதி என்பதை அப்புறம் அவர் மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அந்த வீட்டில் கதவுகூடச் சத்தம் போடாது. காப்பீட்டுக்காரருக்கு அந்தக் குடும்பத்தின் மேல் அப்படி ஒரு மதிப்பு. மதிப்பென்ன மதிப்பு, பயம் என்றே சொல்லலாம்.

ஏனென்றால் இந்தப் பக்கம் அண்ணன் இருந்தார்.

அண்ணன் மாவு மில்காரர். வாழ்க்கை முழுவதும் ஓடுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று பேசிப் பழகியவர். அவர் ரகசியம் சொன்னால் அடுத்த தெரு திரும்பிப் பார்க்கும். இரண்டு வீட்டாரும் முதல் முறை சந்தித்த அன்று அவர் சிரித்த ஒரு சிரிப்பில் சம்பந்தியம்மாள் கையிலிருந்த ஸ்பூன் கீழே விழுந்தது. அதோடு விட்டாரா? "என் தம்பி இன்னைக்குப் பெரிய ஆபீசர். பத்தாம் வகுப்பு வரைக்கும் இருட்டுன்னா பயம், என் சட்டை நுனியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவான்" என்று கூரை அதிரச் சொன்னார். சம்பந்தி லேசாகச் சிரித்தார். காப்பீட்டுக்காரருக்கு நாற்காலியோடு தரைக்குள் போய்விடலாம்போல் இருந்தது.

மகளுக்கோ நேர்மாறான ஆசை. வரவேற்பில் வேறு என்ன நடந்தாலும் சரி, நடக்காவிட்டாலும் சரி, பெரியப்பா மேடையேறி அந்தப் பாட்டைப் பாடவேண்டும். 'அந்தப் பாட்டு' என்பது அவர் மில்லில் கட்டின பாட்டு. கைக்குழந்தையாக இருந்தபோது அவள் மில் ஓடுகிற சத்தத்தில்தான் தூங்குவாள். மில் ஓடாத நாட்களில் அண்ணன் தானே மில்லாக மாறிவிடுவார். "டடக்கு டடக்கு கோதுமை உள்ளே, டடக்கு டடக்கு மாவு வெளியே, குட்டி ராணி தூக்கம் எங்கே?" என்று தோளில் போட்டுக்கொண்டு உலாத்துவார். இதை நூலகர் குடும்பத்துக்கு முன்னால், மைக்கில், ஐந்து ஒலிபெருக்கிகள் வழியாக! நினைத்தாலே காப்பீட்டுக்காரருக்கு வியர்த்தது. தீப்பிடிப்பதற்கு முன்னாலேயே தீயை நினைத்துப் பார்ப்பதுதானே அவர் தொழில்.

முதல் நாள் உட்கார்ந்ததோடு சரி. இரண்டாம் நாள் குடும்பத்தோடு வரச்சொல்லி மகிழ்ச்சித் தகுதிச் சோதனை நடத்தினார்கள். ஒரு கண்ணாடி அறைக்குள் நிற்கவைத்துக் கைதட்டச் சொன்னார்கள், சிரிக்கச் சொன்னார்கள், ஆச்சரியப்படச் சொன்னார்கள். மாப்பிள்ளைப் பையன் தோளை மட்டும் குலுக்கிச் சிரித்ததால் அவனுக்குத் தனி வகுப்பு என்று தீர்ப்பானது. மணப்பெண்ணின் தாயார் அழுவதற்கு ஒரு பாட்டு நேரம் ஒதுக்கப்பட்டது. பாட்டு முடிவதற்குள் அழுகையும் முடிந்துவிட வேண்டும், மிச்சத்தை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். துணை ஒலி அதிகாரி ஒரு கருவியைப் பார்த்துவிட்டு, அம்மாவின் கைதட்டலில் கொஞ்சம் கிண்டல் தெரிவதாகக் காட்டுகிறதே என்றார்.

"நல்ல மெஷின்தான்," என்றாள் காப்பீட்டுக்காரரின் மனைவி.

அதற்குப் பிறகுதான் தலைமை ஒலி அதிகாரியின் அறைக்குள் விட்டார்கள், அதுவும் காப்பீட்டுக்காரரை மட்டும். தலைமை அதிகாரி கழுத்தில் பெரிய ஹெட்போன் மாட்டியிருந்தார். அதன் வயர் எதிலும் சேரவில்லை. நுனியை மடித்துக் கோட்டுப் பையில் செருகியிருந்தார்.

"சார், ஜனங்களுக்குச் சந்தோஷப்படத் தெரியாது," என்று ஆரம்பித்தார். "பாட்டுப் பிடிச்சா ஆடிடறாங்க. சிரிப்பு வந்தா சிரிச்சிடறாங்க. நினைச்சவங்க நினைச்ச நேரத்துல சந்தோஷமா இருந்தா அது கல்யாணமா, கலவரமா? போன மாசம் ஒரு கல்யாணம். கடைசி வரைக்கும் ஒருத்தர் எந்திரிக்கலை, ஒருத்தர் வாயைத் திறக்கலை. அப்படி ஒரு வெற்றி. பொண்ணோட அப்பா என் கையைப் பிடிச்சிக்கிட்டு அழுதார்."

"சந்தோஷத்துல?"

"அதை நாங்க கேட்கறதில்லை," என்றார் அதிகாரி.

பிறகு குரலைத் தாழ்த்தி, டாக்டர் கேட்பதுபோல் கேட்டார். "உங்க குடும்பத்துல மைக் கைக்கு வந்தா விடாத ஆள் யாரு? கூச்சப்படாதீங்க. எல்லாக் குடும்பத்துலயும் ஒருத்தர் இருப்பார்."

காப்பீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலிலும் பஞ்சு அடைத்திருந்தது. சொல்லிவிட்டு வாயைக் கழுவிக்கொள்ளலாம் என்று தோன்றியது. "எங்க அண்ணன்" என்றார். என்ன உறவு, என்ன தொழில், என்ன பாட்டு என்று அதிகாரி ஒவ்வொன்றாக வாங்கினார். எதற்காக வேண்டாம் என்கிறீர்கள், காரணம் வேண்டுமே என்றார். "மத்தவங்க முன்னாடி எனக்கு வெட்கமா இருக்கு," என்று சொன்னபோது தன் குரல் சம்பந்தியின் குரலைப்போல் ஆகிவிட்டதை அவரே கவனித்தார்.

"போதும். அவரைத் தனிக் கவனத்துல வச்சிடறோம்."

"மைக்கைத் தடை பண்ணுவீங்களா?"

"நாங்க யாரையும் தடை பண்றதில்லை சார். தடைங்கற வார்த்தையே இங்க தடை. தனிக் கவனம். அவ்வளவுதான்."

தனிக் கவனம். கேட்கவே இதமாக இருந்தது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு காப்பீட்டுக்காரர் படியிறங்கினார். வெளியே நின்ற மனைவி, உள்ளே என்ன கேட்டார்கள் என்றாள். ஒன்றுமில்லை, ஒலி விஷயம் என்றார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.

வரவேற்பு பகல் நேரத்தில். மண்டப வாசலிலேயே ஒலி நிலையத்து ஆட்கள் கறுப்புக் கோட்டில் நின்று, வருகிறவர்கள் மணிக்கட்டில் பிளாஸ்டிக் பட்டை கட்டினார்கள். எல்லோருக்கும் பச்சை. அண்ணன் புதுச் சட்டையும் எண்ணெய் வைத்து வாரின தலையுமாக வந்து இறங்கியதைக் காப்பீட்டுக்காரர் தூரத்திலிருந்து பார்த்தார். அவரை மட்டும் ஒரு ஓரமாக அழைத்துப்போய், குனிந்து ஏதோ பேசி, சிவப்புப் பட்டை கட்டினார்கள். அதில் பொன் எழுத்தில் 'தனிக் கவனம்' என்று போட்டிருந்தது. அண்ணன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடி எடுத்துவரவில்லைபோலிருக்கிறது என்று தம்பி நினைத்துக்கொண்டார்.

உள்ளே வந்தாரோ இல்லையோ, அண்ணன் கையைத் தூக்கிக் காட்டத் தொடங்கிவிட்டார். "பாருங்க, தனிக் கவனம்! என் தம்பி எனக்குன்னு சொல்லி வச்சிருக்கான். மண்டபத்துலயே எனக்கு மட்டும்தான்!" கறுப்புக் கோட்டுக்காரர்கள் இருவர் அவர் பின்னாலேயே போனார்கள். அவர் உட்கார்ந்தால் பக்கத்துக்கு ஒருவராக உட்கார்ந்தார்கள். எழுந்தால் எழுந்தார்கள். மேடைப் பக்கம் கால் திரும்பினால் ஜூஸைக் காட்டி வேறு பக்கம் திருப்பினார்கள். கை கழுவப் போனால் குழாயைத் திறந்துவிட்டார்கள். "பெரியவங்களைக் கவனிக்கறதுன்னா இப்படிக் கவனிக்கணும்," என்று அண்ணன் எல்லோரிடமும் சொன்னார்.

காப்பீட்டுக்காரர் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பார். இந்தச் சந்தோஷத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

அங்கேயும் மகள் வந்து பிடித்துக்கொண்டாள். பெரியப்பாவை எப்போது மேடைக்குக் கூப்பிடப் போகிறார்கள் என்று கேட்டாள். கல்யாணப் பெண்ணின் முகத்தைப் பார்த்து ஒரு தகப்பன் பொய் சொல்லக்கூடாது. அதனால் அவள் தோடுகளைப் பார்த்துச் சொன்னார். "பெரியப்பாவுக்குத் தொண்டை சரியில்லைம்மா. பாவம், வற்புறுத்தாதே." அவள் பதறிப்போய் உடனே பிளாஸ்க் ஒன்றில் வெந்நீர் நிரப்பி, தேன் கலந்து, பெரியப்பாவுக்குக் கொடுத்தனுப்பினாள். அண்ணன் அதை வாங்கினதையும், கொண்டுவந்த பெண்ணிடம் ஏதோ விசாரித்ததையும், மூடியில் ஊற்றிக் கொஞ்சம் குடித்ததையும் தூணுக்குப் பின்னாலிருந்தே பார்த்தார்.

இதற்குள் மண்டபத்தில் வேறொரு தீ பற்றிக்கொண்டது. மைத்துனர் வந்தார். பெண்ணுக்குத் தாய்மாமன் நான், எனக்குப் பச்சையா என்றார். மாவு மில்காரருக்கு இருக்கிற மரியாதை தனக்கு இல்லையென்றால் இப்போதே கிளம்புகிறேன் என்று கார் சாவியை எடுத்துக் காட்டினார். காப்பீட்டுக்காரர் தலைமை அதிகாரியிடம் ஓடினார். அவர் மேடைக்குப் பக்கத்தில், பித்தான்கள் நிறைந்த ஒரு பெரிய பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"சிவப்புச் சும்மா கிடைக்காது சார். குடும்பத்துலேர்ந்து புகார் வரணும். அவர் மேல என்ன புகார்?"

காப்பீட்டுக்காரர் யோசித்தார். "கார் வாங்கின கதையை முதல்லேர்ந்து சொல்லுவார்."

"தாராளமாப் போதும்."

மைத்துனருக்குச் சிவப்பு கட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டுச் சித்தப்பா வந்தார், சித்தப்பாவைப் பார்த்துவிட்டு அலுவலக மேலாளர் வந்தார். சித்தப்பா மேல் இருமல் என்றும், மேலாளர் மேல் இங்கிலீஷ் என்றும் புகார் போயிற்று. பிறகு யாரோ முதுகில் தட்டுவதுபோல் இருக்கவே திரும்பினார். சம்பந்தி நின்றுகொண்டிருந்தார். உதடுகள் அசைந்தன. ஒன்றும் கேட்கவில்லை, பச்சைப் பட்டையைத் தொட்டுக் காட்டியதிலிருந்து விஷயம் புரிந்தது. சம்பந்தி மேல் என்ன புகார் கொடுப்பது? அதிகாரியே கைகொடுத்தார்.

"மைக்கில பேசினாலும் இவர் பேசறது யாருக்கும் கேட்காதே. அதுவும் ஒலிக் குற்றம்தான். இந்தாங்க சிவப்பு."

சொந்தக்காரர்கள் ஒவ்வொருவர் மேலும் ஒவ்வொரு புகார் சொல்லிச் சொல்லிக் காப்பீட்டுக்காரருக்கு வாய் வலித்தது. ஒவ்வொருவரும் பட்டையைக் கட்டிக்கொண்டு வந்து அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னார். தன் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்களையெல்லாம் முதுகுக்குப் பின்னால் குறை சொல்லி, அதற்கு முகத்துக்கு நேரே நன்றியும் வாங்கிக்கொண்ட மனிதர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். அவமானத்தில் காது மடல்கள் சுட்டன.

திடீரென்று பாட்டு நின்றது. தலைமை ஒலி அதிகாரி மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்த விருந்தாளிகளே. தனிக் கவனத்துல இருக்கறவங்க எண்ணிக்கை, இல்லாதவங்க எண்ணிக்கையை மிஞ்சிடுச்சு. இப்படிப்பட்ட சபையில ஒலி கொடுக்கறது ஆபத்துன்னு எங்க விதி சொல்லுது. அதனால மௌன நடைமுறை அமலுக்கு வருது. நீங்க எல்லாரும் ரொம்ப நல்லா உக்காந்திருக்கீங்க. இப்படியே இருந்து கல்யாணத்தைச் சிறப்பிக்கணும்."

பித்தான் பலகையில் இருந்த விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மண்டபம் அப்படியே உறைந்துபோனது. மாப்பிள்ளையும் பெண்ணும் மேடை நடுவில் கையைக் கோத்தபடி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள், அது பெரிய சத்தமாகக் கேட்டது. ஒரு கல்யாண வீட்டில் அப்படி ஒரு அமைதியைக் காப்பீட்டுக்காரர் கண்டதில்லை. கண்டிருக்க முடியாது, இப்படிப்பட்ட இடங்களிலெல்லாம் அண்ணன் அல்லவா எழுந்து எதையாவது ஆரம்பித்துவிடுவார்! அவருக்கு வருவதற்கு முன்னாலேயே மற்ற எல்லோருக்கும் அது ஞாபகம் வந்துவிட்டது. தலைகள் ஒவ்வொன்றாக அண்ணன் பக்கம் திரும்பின.

மகள் மேடையிலிருந்து இறங்கிவந்தாள். கறுப்புக் கோட்டுக்காரர்கள் எழுந்தார்கள். மைக் இல்லாவிட்டால் விதி பொருந்தாது, உட்காருங்கள் என்று அதிகாரியே சைகை காட்டினார். அவள் பெரியப்பா பக்கத்தில் போய் நின்று கேட்டாள். "தொண்டை எப்படி இருக்கு பெரியப்பா? மைக் வேண்டாம். ரெண்டே வரி. எனக்காக."

அண்ணன் எழுந்தார். பாடிவிடுவார் என்று காப்பீட்டுக்காரர் நினைத்தார். பாடட்டுமே என்றும், கடவுளே, பாடிவிடக்கூடாதே என்றும் ஒரே மூச்சில் நினைத்தார். சம்பந்தியம்மாள் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுத் தயாராக இருந்தாள்.

அண்ணன் ஒரு முறை தம்பியைப் பார்த்தார். பிறகு கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு, காற்றுப்போன குரலில், பக்கத்தில் நிற்கிறவளுக்கு மட்டும் கேட்கிறமாதிரி, "முடியலைம்மா, கட்டிக்கிச்சு. நல்லா இரு," என்றார். அவள் தலையில் கையை வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். அவள் கண் கலங்கித் திரும்பிப் போனாள். அழுகைக்கு ஒதுக்கின பாட்டு ஏற்கனவே முடிந்துபோயிருந்தது.

அடடா, அவருக்கு உண்மையிலேயே தொண்டை கட்டியிருக்கிறது! காப்பீட்டுக்காரருக்கு முதலில் வந்தது அப்பாடா என்ற நிம்மதிதான். தன் பொய் பலித்துவிட்டதே என்று மூச்சை இழுத்து விட்டுக்கொண்டார். இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை, அப்படித்தான் நினைத்தார்.

சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்தது. சம்பந்தி வந்து கையைப் பிடித்துக் குலுக்கி உதட்டை அசைத்தார். 'இதைவிட நல்ல கல்யாணம் நான் பார்த்ததில்லை' என்று சொன்னதாக அவர் மனைவி எடுத்துச் சொன்னாள். தலைமை அதிகாரி ஹெட்போனைக் கழற்றித் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க அண்ணன் மாதிரி ஒத்துழைப்பு நாங்க பார்த்ததே இல்லை சார். பொதுவா பட்டை கட்டும்போது காரணத்தைச் சொன்னதும் சத்தம் போடுவாங்க."

காப்பீட்டுக்காரர் பெட்டி மூடியைப் பிடித்துக்கொண்டார். "காரணத்தைச் சொன்னீங்களா?"

"சொல்லாம கட்டினா அநியாயம் இல்லையா சார்? விதி இருக்கே. தானாக் கேட்டு வாங்கினவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நாங்களாக் கட்டினவங்களுக்குச் சொல்லியாகணும். உங்க தம்பிக்கு உங்களால வெட்கமா இருக்காம், அதனால மைக் கிட்ட வராதீங்கன்னு வாசல்லயே தெளிவாச் சொல்லிட்டோம். கொஞ்ச நேரம் கையையே பார்த்துக்கிட்டு இருந்தார். அப்புறம், எனக்குத் தெரிஞ்சதாத் தம்பிகிட்ட சொல்லிடாதீங்க, கல்யாண நாள் அதுவுமா மனசு கஷ்டப்படுவான்னார். நாங்க இதுவரைக்கும் சொல்லலை பாருங்க. நிகழ்ச்சி முடிஞ்சாத்தான் சொல்லலாம்னு அதுக்கும் ஒரு விதி இருக்கு."

அப்படியானால் வாசலிலேயே தெரியும். தெரிந்துகொண்டுதான் கையைத் தூக்கிக்கொண்டு மண்டபம் முழுவதும் சுற்றியிருக்கிறார். வேறு யாரும் அந்தப் பட்டையை வேறு மாதிரி படித்துவிடாமல், தம்பியைக் கேள்வி கேட்டுவிடாமல், தானே முந்திக்கொண்டு பெருமையடித்திருக்கிறார்.

காப்பீட்டுக்காரர் வெளியே வந்தார். வண்டிகள் நிறுத்துகிற இடத்தின் மறுகோடியில் ஒரு வேன் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது.

"டிரைவர்! நிறுத்து நிறுத்து நிறுத்து! பின்னாடி தூண் இருக்கு, பார்த்து ஒடிச்சு வா!"

இடமே அதிர்ந்தது. மரத்திலிருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. மாவு மில்லின் முழுக் குரல், எங்கும் ஒரு பிசிறு இல்லை. அண்ணன்தான். ஒரு கையில் பிளாஸ்க், மறு கையில் சிவப்புப் பட்டை, இரண்டையும் ஆட்டி வண்டிக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பியவர் தம்பியைப் பார்த்துவிட்டார். சட்டென்று கை தொண்டைக்குப் போனது. குரலைத் தேடிப்பிடித்து இறக்கிக்கொண்டு, "வந்துட்டியா... ஏறுப்பா, போலாம்... பேசவே முடியலை எனக்கு," என்றார்.

தம்பி பக்கத்தில் வந்து நின்றார். "அண்ணா," என்றார். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை; வாயைத் திறந்து திறந்து பார்த்தார், காற்றுத்தான் வந்தது. ஒரு கை மட்டும் எப்படியோ போய் அண்ணனின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டது.

அண்ணன் அதைக் குனிந்து பார்த்தார்.

"உனக்கும் கட்டிக்கிச்சா?" என்றார், அதே கம்மின குரலில். "பாப்பா கொடுத்த வெந்நீர் மிச்சம் இருக்கு. இந்தா, குடி." பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் ஊற்றி நீட்டினார்.